அன்றைக்குப் பேப்பர் வரவில்லை

கல்லூரி நூலகங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். "உங்க சாதனைகளை எழுதுங்க மேடம்" என்றாள் போனில் பேசிய பெண். சாதனை என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். வாசிப்பு அறையின் மின்விசிறியை மாற்றச் சொல்லி எட்டு முறை கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்பதாவது கடிதம் எழுதுவதற்குள் ஓய்வு பெற்றுவிட்டேன். மின்விசிறி இன்னும் பணியில் இருக்கிறது. ஆகவே சாதனையை ஓரமாக வைத்துவிட்டு, நான் செய்த ஒரு திருட்டுத்தனத்தைச் சொல்கிறேன். உங்களுக்கு அதுதான் உதவும்.

திருத்தணியில் எங்கள் கல்லூரி நூலகத்துக்குத் தினம் மூன்று தமிழ் நாளிதழ்கள் வரும். அவற்றில் நம் வட்டாரத்தைப் பற்றி வரும் செய்திகளை வெட்டி, வெள்ளைத் தாளில் ஒட்டி, கோப்பாக வைப்பது நூலகர் வேலை. நெசவு, ரயில், கோயில், ஏரி என்று பொருள்வாரியாக, வருடம் போட்டு ஒரு வரிசைக் கோப்பு. இதைப் படிக்க யாரும் வருவதில்லை. தரச்சான்று கொடுக்க வெளியூரிலிருந்து வரும் குழு மட்டும் வந்து பார்க்கும். பார்க்கும் என்றால் தடவிப் பார்க்கும்.

எனக்குக் கைவேலை நன்றாக வரும். கத்தரிக்கோலைப் பிடித்தேன் என்றால் நான்கு பக்கமும் நூல் பிடித்த மாதிரி இருக்கும். செய்தி தவிர வேறு எதுவும் தாளில் இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. பக்கத்தின் மேலே நாளிதழின் பெயர், தேதி, பக்க எண் எல்லாம் இருக்கும் அல்லவா, அது பார்வைக்கு அசிங்கம் என்று வெட்டி எறிந்துவிடுவேன். கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் விடமாட்டேன். குழுத் தலைவர் ஒருமுறை கோப்பைப் புரட்டிவிட்டு, "என்ன நேர்த்தி!" என்றார். முதல்வர் எனக்குச் சால்வை போட்டார். இது எந்தப் பேப்பர், எந்த நாள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. முப்பது வருடம் நூலக அறிவியல் பேசிய எனக்கே தோன்றவில்லை என்றால், அவர்களைச் சொல்லி என்ன?

சிரிக்காதீர்கள். நீங்கள் இன்று மொபைலில் படம் பிடித்து, மேலே இருப்பதை விரலால் இழுத்து வெட்டிவிட்டுத்தான் வாட்ஸப் குழுவில் போடுகிறீர்கள். நானும் பார்க்கிறேன்.

அந்தக் கோப்பை நிஜமாகவே படிக்க வந்த ஒரே ஆள் ரேவதி. அம்மையார்குப்பத்தில் தறிக்காரக் குடும்பம். எங்கள் கல்லூரியில் எம்.ஏ. முடித்துவிட்டு, கனகம்மாசத்திரம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே எங்களிடம் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். நெசவுக் குடும்பத்துப் பெண்களை நாளிதழ்கள் எப்படிக் காட்டின என்பது தலைப்பு. நாலு வருடம் வாசிப்பு அறையின் மூலை மேசை அவளுடையது. மின்விசிறி ஓடாத மூலை அது.

அவள் ஆய்வின் உயிர் ஒரே ஒரு துணுக்கில் இருந்தது. முன்பு ஒரு வருடம் மின்வெட்டு தாங்காமல் விசைத்தறிகள் எல்லாம் வாரக்கணக்கில் நின்றுபோனபோது, அம்மையார்குப்பத்துப் பெண்கள் சாலையில் உட்கார்ந்து பேருந்துகளை மறித்தார்கள். அந்தச் செய்தியும் படமும். அதே வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம் நெசவாளர் சங்கத்து ஆண்களும் மறியல் செய்தார்கள். அதற்குப் பிறகு மின்சாரம் ஒழுங்காக வந்தது. சங்கக் கட்டடத்தில் இன்றும் கல்வெட்டு இருக்கிறது, சங்கத் தலைவர்களின் போராட்டத்தால் கிடைத்த வெற்றி என்று. பெண்கள்தான் முதலில் உட்கார்ந்தார்கள், ஆண்கள் பிறகுதான் வந்தார்கள் என்பது ரேவதியின் வாதம். அவள் அம்மா வள்ளியம்மா அந்தப் படத்தில் முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். படத்தின் கீழே 'மறியலில் ஈடுபட்ட பெண்கள்' என்று மட்டும் இருக்கும். ஊரில் கேட்டால், "பொம்பளைங்களும் அப்புறமா வந்து குந்தினாங்க" என்பார்கள். எது முன், எது பின் என்று சொல்ல அந்தத் துணுக்கின் தேதி ஒன்றுதான் வழி. தேதியை நான் வெட்டி எறிந்திருந்தேன்.

தேதி இல்லாத விஷயம் நாலு வருடம் வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த நாலு வருடமும் எல்லோரும் மேற்கோள் முறையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரேவதியின் நெறியாளர் முதல் வருடம் ஒரு பயிலரங்குக்குப் போய்வந்தார். வந்ததும், எல்லாம் ஏ.பி.ஏ. முறையில் இருக்க வேண்டும் என்றார். எழுதியவர் பெயர், உடனே அடைப்புக்குள் வருடம், மாதம், நாள். ரேவதி மாற்றினாள். அடுத்த வருடம் துறைத் தலைவர் மாறினார். புதியவர் இலக்கியக்காரர், எம்.எல்.ஏ. முறைதான் இலக்கியத்துக்கு அழகு என்றார். தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு, தேதியைப் பின்னால் தள்ள வேண்டும். அதையும் மாற்றினாள். "எம்.எல்.ஏ. எதுக்கு உன் புக்கைத் திருத்துறாரு?" என்று வள்ளியம்மா கேட்டாராம். மூன்றாம் வருடம் ஆய்வுக் குழுவில் வெளிநாடு போய்வந்த ஒருவர் சேர்ந்தார். சிகாகோதான் சரி, நாளிதழ்ச் செய்தி என்றால் அடிக்குறிப்பிலேயே முடித்துவிடலாம், கடைசிப் பட்டியலில் வேண்டியதில்லை என்றார். எல்லாவற்றையும் கீழே இறக்கினாள். பல்கலைக்கழக விதியில் 'ஏதேனும் ஒரு முறையைச் சீராகப் பின்பற்றலாம்' என்று ஒரே வரிதான் இருக்கிறது. அதை ஒருவரும் படிக்கவில்லை.

இதற்கு நடுவே மென்பொருள் ஒன்று வாங்கினார்கள். விவரத்தைக் கொடுத்தால் அதுவே பட்டியல் போட்டுத் தரும். நம் செய்திகளில் எழுதியவர் பெயர் இருக்காது, 'நமது நிருபர்' என்றுதான் இருக்கும். மென்பொருள் அதைப் பெயராக எடுத்துக்கொண்டது. முன்பெயர் நமது, பின்பெயர் நிருபர். பட்டியல் முழுக்க 'நிருபர், ந.' 'நிருபர், ந.' என்று நாலு பக்கத்துக்கு ஓடியது. ஆய்வுக் குழு எங்கள் வாசிப்பு அறையில் கூடிய அன்று வெளிநாடு போய்வந்தவர் அதைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த நிருபர் இந்தப் பகுதியைப் பத்தி ரொம்ப ஆழமா எழுதியிருக்கார் போல இருக்கே. நேர்ல பாத்து ஒரு பேட்டி எடுத்தீங்களா?"

ரேவதி என்னைப் பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

"முயற்சி பண்றேன் சார்" என்றாள்.

பின்பு நான்தான் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், எழுதியவர் பெயர் இல்லாவிட்டால் செய்தியின் தலைப்பே முதலில் வந்துவிடும், எந்த முறையானாலும் அப்படித்தான் என்று. அந்த நிருபரை நாலு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்தோம். மற்ற துணுக்குகளின் தேதியை அந்தந்தச் செய்திக்குள்ளேயே பிடித்துவிட்டோம். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், பொங்கலுக்கு முதல் நாள் என்று உள்ளே ஏதாவது ஒன்று இருந்தது. மறியல் செய்தியில் மட்டும் 'நேற்று காலை' என்று இருந்தது. எந்த நேற்று என்று யாருக்குத் தெரியும்? அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்ல, அவளும் விட்டுவிட்டாள்.

ஆய்வேட்டைக் கொடுக்க வாங்கியிருந்த கால நீட்டிப்பு முடிய மூன்று நாள் இருக்கும்போது நெறியாளருக்கு அது கண்ணில் பட்டது. "நாளிதழுக்கு நாள் இல்லையா? தேதி இல்லைன்னு குறிப்புப் போட்டா ஒத்துக்க மாட்டாங்க" என்று ஆய்வேட்டை மூடி வைத்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ரேவதி என் மேசைக்கு வந்தாள். முகமே சரியில்லை.

"மேடம், அந்த ஒரு தேதி மட்டும் கிடைச்சா போதும். திங்கக்கிழமை குடுக்கலன்னா நாலு வருஷமும் போச்சு."

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். அம்மா, அதை வெட்டி எறிந்தவள் நான்தான். சொல்ல வாய் வரவில்லை. சால்வை வாங்கிய வாய் அது. "என்கிட்ட ஒரு ரிஜிஸ்டர் இருக்கு, பாத்துச் சொல்றேன்" என்றேன். அப்படி ஒரு ரிஜிஸ்டர் உலகத்திலேயே கிடையாது.

அவள் போனதும் நெறியாளர் போன் செய்தார். "மேடம், சங்கத்து மறியல் தீபாவளிக்கு முந்தின வாரம். அதுக்கு முன்னாடி ஏதாவது ஒரு தேதி போட்டுடுங்க. பழைய பேப்பரை எவன் எடுத்துப் பாக்கப் போறான்?"

எழுத்தின் அமைப்பை வைத்து எந்த நாளிதழ் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வருடம் கோப்பின் மேலேயே இருந்தது. சென்னையில் பழைய நாளிதழ்களைத் தொகுத்து வைத்திருக்கும் நூலகத்துக்கு எப்போதோ ரயில் ஏறியிருந்தால் ஒரு வருடத்துத் தொகுப்பைப் புரட்ட இரண்டு நாள் ஆகியிருக்கும். மாதங்கள் இருந்தபோது போகவில்லை. இப்போது சனி, ஞாயிறுதான் மிச்சம், அதிலும் மூட்டுவலி. மொபைலில் அந்த வருடத்துக் காலண்டரைத் திறந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். முருகனுக்கு உகந்த நாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பக்க எண் ஐந்து என்று போட்டேன். பொய்க்கு ஒரு பக்க எண் கொடுத்துவிட்டால் அது தானாக நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறது.

ரேவதி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லன்னா மேடம்…" என்று கண் கலங்கினாள். "பரவாயில்லம்மா" என்றேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

பிறகு அந்தத் தேதி ஊர்வலம் போனது. நெறியாளர் கையெழுத்துப் போட்டார். துறைத் தலைவர் போட்டார். திருட்டு எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் ஏட்டை மென்று பார்த்துவிட்டு, 'மறியலில் ஈடுபட்டனர்' என்ற சொற்றொடர் வேறு பலராலும் எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டும் குறை சொன்னது. சில மாதம் கழித்து இரண்டு தேர்வாளர்களின் அறிக்கையும் வந்தது. முதலாமவர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். நாளிதழ்ப் பெயர்கள் சாய்வெழுத்தில் இல்லை, காற்புள்ளி மேற்கோள் குறிக்கு வெளியே இருக்கிறது, இப்படியே மூன்று பக்கம். இரண்டாமவர், 'மேற்கோள் முறை பாராட்டத்தக்க வகையில் சீராக உள்ளது' என்று எழுதியிருந்தார். அந்த வரியை நகலெடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். நான் ஓய்வு பெறுவதும் அதே வாரம்.

தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது முனிரத்தினம் நூலகத்துக்கு வந்தார். பேப்பர் ஏஜென்ட். விடிவதற்கு முன்பே கனகம்மாசத்திரம் போய், சென்னையிலிருந்து வரும் வேனில் கட்டுகளை இறக்கி, மொபெட்டில் வைத்துத் திருத்தணிக்குக் கொண்டுவருவார். இருபது வருடமாக எங்களுக்கு அவர்தான் பேப்பர் போடுகிறார்.

"இன்னா மேடம், அடுத்த வாரம் வந்தா இங்க உங்களப் பாக்க முடியாதாமே?"

"ஆமா முனிரத்தினம். ஆனா நீங்க போட்ட பேப்பர் டாக்டர் பட்டம் வாங்கப் போகுது, தெரியுமா?"

"அட, எங்க காட்டுங்க."

பெருமையோடு ஏட்டைப் பிரித்து அந்த அடிக்குறிப்பைக் காட்டினேன். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு விரலை வைத்து வாசித்தார். தேதி வந்த இடத்தில் விரல் நின்றது.

"மேடம், இந்தத் தேதியில பேப்பரே வரலியேங்க."

"என்ன சொல்றீங்க?"

"ஆயுத பூஜைக்கு மறுநாளுங்க இது. பூஜையன்னிக்கு அச்சு மிஷினுக்கெல்லாம் பொட்டு வச்சு சுண்டல் குடுத்துட்டு லீவு உட்ருவாங்க. மறுநாள் பேப்பர் ஏது? வருஷத்துல அப்பிடி நாலஞ்சு நாளுதான் நான் வெயில் வந்தப்புறம் எய்ந்திரிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"எத்தனையோ வருஷம் ஆச்சு. சரியா அந்தத் தேதின்னு எப்படி ஞாபகம்?"

"எம் பொண்ணு பொறந்த நாளுங்க அது! நகரியில மாமியார் ஊட்ல பொறந்தா. பேப்பர் லீவா பாத்து, அப்பனுக்குத் தொந்தரவு குடுக்காம வந்துட்டான்னு அவ மாமன், எங்க பாவா, இன்னிக்கும் சொல்லிகினு இருக்காரு." ஏட்டை என்னிடமே தந்தார். "டைப் அடிக்கறப்போ தப்பாயிருக்கும். மாத்தச் சொல்லுங்க மேடம்."

அவர் எதையும் சந்தேகப்படவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு நெறியாளர், ஒரு குழு, ஒரு மென்பொருள், இரண்டு தேர்வாளர்கள், எல்லோரும் அந்தத் தேதிக்குப் பின்னால் காற்புள்ளி இருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்த நாள் இருந்ததா என்று பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

நெறியாளருக்குப் போன் செய்தேன். "மேடம், அறிக்கை வந்தாச்சு, ஹால் சொல்லியாச்சு, அறுபது பேருக்கு சமோசா சொல்லியாச்சு. இப்பப் போய் எதுக்கு வம்பு?" என்றார். சமோசா சொன்ன பிறகு உண்மைக்கு எங்கே இடம்?

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மறைக்க மாட்டேன். நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்குப் பட்டம், எனக்கு ஓய்வூதியம். ஆனால் ஏடு ஊருக்குள் போகும். சங்கத்துக்காரர்கள் படிப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு முனிரத்தினத்துக்குத் தெரிந்தது தெரிந்திருந்தால் போதும். பேப்பரே வராத நாளில் மறியல் செய்தியாம் என்று சிரிப்பார்கள். பொய் சொன்னவள் வள்ளியம்மா என்றுதான் ஊர் சொல்லும். பானுமதி என்ற என் பெயரை யாரும் சொல்லப் போவதில்லை. அதை நினைத்ததும் எழுந்தேன்.

கோப்பை அப்படியே பையில் போட்டுக்கொண்டேன். நூலகத்திலிருந்து பதிவேட்டில் எழுதாமல் எதையாவது வெளியே எடுத்ததற்காக எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! அம்மையார்குப்பம் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன்.

வீட்டுக்குள் தறிச் சத்தத்தில் பேச முடியவில்லை. இரண்டு முறை சொல்லியும் ரேவதிக்குக் காதில் விழவில்லை. மூன்றாவது முறை கத்திச் சொல்லும்போது வள்ளியம்மா தறியை நிறுத்திவிட்டார். "அந்தத் தேதியை நான்தான் இட்டுக்கட்டினேன்" என்று நான் கத்தியது அமைதியான வீட்டில் விழுந்தது.

ரேவதி என் எதிரே வந்து நின்றாள்.

"ரிஜிஸ்டர்ல இருந்துச்சுன்னு சொன்னீங்களே மேடம்?"

"ரிஜிஸ்டர் இல்லம்மா."

"உங்களை நம்பித்தானே எங்கம்மாவை முன்னாடி நிக்க வச்சேன்! தேதி உங்ககிட்டயும் இல்லன்னு சொல்லியிருந்தா நானே மெட்ராஸ் போய்த் தேடியிருப்பேனே. கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு நீட்டிப்பு வாங்கியிருப்பேன், அவ்ளோதான். இப்ப நான் திருடி மாதிரி நிக்கணும்."

அழுதேன். அறுபது வயதில், பிறத்தியார் வீட்டில், தறியில் ஏற்றும் பாவு நூலுக்கு நடுவே உட்கார்ந்து.

வள்ளியம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "தேதியெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நாங்க குந்தினப்போ வெயிலு. செருப்பு இல்லாம போய்ட்டேன், தாரு காலைச் சுட்டுது. ஆம்பளைங்க குந்தினப்போ மழை. கொடையப் புடிச்சிகினு குந்தினாங்க. இத எழுதிக்கக் கூடாதா?"

ரேவதி சிரித்தாள். அது சிரிப்பில் சேர்த்தி இல்லை. "நீ சொன்னா நேரடித் தகவல்னு ஒரு ஓரமா போடலாம்மா. பட்டியல்ல கூட வராது. உன் பேரையே போடாத பேப்பர் சொன்னாத்தான் ஆதாரம்."

"அப்ப அந்தப் பேப்பரையே கேளு. பின்னாடி இன்னா போட்டுக்குது?"

"ஒட்டியிருக்கும்மா, மைதா பசை" என்றேன்.

"பாவுக்குக் கஞ்சி போடறவகிட்ட பசையைப் பத்திச் சொல்றீங்களே! எட்த்தாங்க இப்பிடி."

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஆவியில் தாளைக் காட்டி, நகக்கண்ணால் ஓரத்தை நெம்பி, ஒரு கிழிசல் இல்லாமல் உரித்து எடுத்தார். திருப்பிப் பார்த்தோம். பாதி மீசை, பாதி நெற்றி, ஒரு காது. 'ஆம் ஆண்டு நினைவஞ்சலி' என்ற எழுத்து. கீழே 'மறைவு' என்று போட்டு, நாளும் மாதமும். வருடம் இல்லை, அதையும் என் கத்தரிக்கோல் தின்றிருந்தது. ஆனால் நினைவஞ்சலி இறந்த நாளில்தான் வரும், ஒரு நாள் தள்ளிப் போட்டால் குடும்பத்தார் சும்மா விடமாட்டார்கள். ரேவதி விரல் விட்டு எண்ணினாள். ஆயுத பூஜைக்கும் இரண்டு வாரம் முன்னால். ஆண்களுக்கு எவ்வளவோ முன்னால். நான் இட்டுக்கட்டிய தேதியைவிட உண்மை அவள் பக்கம் பலமாக இருந்தது.

மறுநாள் காலை மின்சார ரயிலில் இருவரும் சென்னைக்குப் போனோம். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊருக்குச் சென்னைப் பதிப்பு வருவதால் தொகுப்பில் அந்தப் பக்கம் இருந்தது. அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. மேலே நாளிதழின் பெயர், தேதி. பக்க எண் ஏழு. அதைப் பார்த்ததும் அவள் என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். மன்னித்தாளா, களைப்பா என்று நான் கேட்கவில்லை.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடப்பது உங்களுக்குத் தெரியும். யார் வேண்டுமானாலும் உட்காரலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், சமோசாவுக்கு வந்தவர்கள் கேட்க மாட்டார்கள். "பிழைதிருத்தம்னு ஒரு தாள் செருகிடுவோம், உங்க பேர் எதுக்கு மேடம்?" என்று நெறியாளர் காதோடு சொன்னார். நல்ல மனிதர்தான். அந்த வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் பிழை யாருடையது என்று சொல்லாத தாள் ரேவதி தலையில்தான் விழும். அவையோர் கேட்கலாம் என்றதும் எழுந்து நின்று, துணுக்கை வெட்டியதிலிருந்து ரயில் ஏறியது வரை சொன்னேன். முதல்வர் முதல்முறையாக ஒரு மின்விசிறியைக் கவனித்துப் பார்த்தார், அரங்கத்து மின்விசிறியை.

வந்திருந்த தேர்வாளர் காற்புள்ளிக்காரர். அவர் முகம் தீவிரமானது. ரேவதியின் பட்டம் அந்த முகத்தில் தொங்கியது.

"அப்போ பின்பக்கத்து நினைவஞ்சலியையும் ஆதாரமா காட்டணும். அது செய்தியா, விளம்பரமா? எழுதியவர்னு யாரைப் போடுவீங்க?"

சென்னையில் எடுத்துவந்த அந்தப் பின்பக்கத்தின் முழு நகலை ரேவதி நீட்டினாள். நினைவஞ்சலியின் அடியில், 'மனைவி, மக்கள், பேரக்குழந்தைகள்' என்று இருந்தது. அடுத்த இருபது நிமிடம் மேடையில் இருந்த படித்தவர்கள் எல்லாம், பேரக்குழந்தைகள் என்பதைப் பின்பெயராகக் கொள்ளலாமா என்று விவாதித்தார்கள். நான் இட்டுக்கட்டியதை யாரும் கண்டிக்கவே இல்லை. அதற்கு எந்தக் கையேட்டிலும் விதி இல்லை போலும்.

கடைசியில் தேர்வாளர் படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார்.

"இதுல இருக்கறது நீங்களாம்மா?"

"ஆங், நாந்தாங்க" என்று எழுந்தார் வள்ளியம்மா.

"என்ன நினைச்சு ரோட்டுல உட்கார்ந்தீங்க?"

"நெனக்கிறதுக்கு இன்னா இருக்குதுங்க? தறி ஓடலன்னா அடுப்பு எரியாது. ஊட்ல சும்மா குந்திகினு இருக்கறதுக்கு ரோட்ல குந்தலாம்னு குந்தினோம். பஸ்சு நின்னுது. அப்பத்தான் நாங்க ஊரு கண்ணுக்குத் தெரிஞ்சோம்."

தேர்வாளர் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார். எந்த முறையில் எழுதினார் என்று தெரியவில்லை. திருத்தங்களுடன் பட்டம் வழங்கலாம் என்று பரிந்துரைத்தார். ரேவதி முதலில் அம்மாவிடம் ஓடினாள். எனக்கு ஒரு சமோசா கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை.

தம்பி, தங்கைகளே, எந்த முறையானாலும் இருக்கட்டும். புள்ளி எங்கே, காற்புள்ளி எங்கே என்பதற்குக் கையேடு இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது. அந்தப் பேப்பர் அன்றைக்கு வந்ததா என்று கேட்க நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். வாய் வராது. வரவழைத்துச் சொல்லுங்கள்.

திருத்திய ஏட்டை பைண்டு செய்வதற்கு முன் ரேவதி அந்த அடிக்குறிப்பை எனக்கு அனுப்பினாள். நாளிதழின் பெயர், சரியான தேதி, பக்கம் ஏழு. அதன் கீழே இப்படி இருந்தது: 'படத்தில் முன்வரிசையில் இருப்பவர் அம்மையார்குப்பம் வள்ளியம்மா. இச்செய்திக்கு முதலில் பொய்யான தேதி தந்தவர் கல்லூரி நூலகர் பானுமதி. அதைக் கண்டுபிடித்தவர் நாளிதழ் முகவர் முனிரத்தினம்.'

"உங்க பேரை வேணும்னா எடுத்துடட்டுமா மேடம்?" என்று போனில் கேட்டாள்.

முப்பது வருடத்தில் எத்தனையோ ஆய்வேடுகளுக்கு உழைத்திருக்கிறேன். ஒன்றிலும் என் பெயர் வந்ததில்லை. இருக்கட்டும் என்றேன்.

அந்தப் பக்கத்தின் நகல் இப்போது என் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. ஓரம் கோணல், மேலே ஏட்டின் பெயர் துருத்திக்கொண்டு நிற்கிறது, கீழே பக்க எண் பாதி மடங்கியிருக்கிறது, நடுவில் நான் பொய் சொன்னவள் என்ற வரி. கத்தரிக்கோல் அதே அலமாரியில்தான் இருக்கிறது. எடுக்கவில்லை.